நீ வெளியே இருந்த நாலாவது சனிக்கிழமை

பாப்பா,

போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் தீபிகா வந்தாள். சென்னை ஹாஸ்டலில் உன் அறையில் இருக்கிற அதே தீபிகா. தேவிகாபுரத்துக்கு ஊர்த் திருவிழாவுக்குப் போகிறவள், ஆரணியில் பஸ் மாறுகிற நேரத்தில், நீ கொடுத்தனுப்பிய காலி டப்பாக்களைத் தந்துவிட்டுப் போகலாம் என்று வீடு தேடி வந்துவிட்டாள். காபி போட்டுக் கொடுத்தேன். இரண்டு வாய் குடித்துவிட்டு, "ஆன்ட்டி, அவளுக்குத் தலவலி இப்போ பரவால்லையாமா? காலைல நான் கெளம்பும்போது தூங்கிகினு இருந்தா, எழுப்பல" என்றாள். எந்தத் தலைவலி என்று நான் கேட்கவில்லை. கேட்டால் அவள் சுதாரித்துக்கொள்வாள் என்று தெரியும். "ஏதோ பரவால்லன்னு சொன்னா" என்றேன். பொய்தான். அந்தப் பொய்க்குப் பிறகு அவள் எல்லாவற்றையும் சொன்னாள்.

பொங்கல் விடுமுறை முடிந்து போனதிலிருந்தே உனக்குத் தாடையில் வலி இருக்கிறது, அது காது வழியாக நெற்றிப்பொட்டுக்கு ஏறுகிறது, இரண்டு நாள் அவள் கொடுத்த மாத்திரையை விழுங்கிவிட்டு, கண் மேல் துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு இருட்டில் கிடந்தாய், ஒரு இன்டர்னல் பரீட்சை எழுதவில்லை. தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறாய். "நறநறன்னு சத்தம் ஆன்ட்டி. மொதல்ல எலின்னு நெனச்சி நான் கட்டில் மேல ஏறி நின்னுட்டேன்" என்று அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். பிறகு அவள் சொன்னது இது: "அம்மாகிட்ட சொல்லுடின்னு எத்தினி வாட்டி சொல்லிட்டேன். கேக்க மாட்றா ஆன்ட்டி. சொன்னா அவங்களுக்குக் கோடு ஏறிடும்ங்கிறா. அது இன்னா கோடு? எனக்குப் புரியவே இல்ல."

எனக்குப் புரிந்தது. அவளை பஸ் ஏற்றிவிட்டு வந்து, டப்பாக்களின் மூடிகளைக் கழற்றி, ரப்பர் வளையங்களைக்கூடத் தனியாக எடுத்துக் கழுவி, துணி விரித்துக் கவிழ்த்து வைத்தேன். அழுகை வரவில்லை. வரும் என்று கொஞ்ச நேரம் நின்றுகூடப் பார்த்தேன். கை ஈரமாக இருந்தது, அவ்வளவுதான். அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமைதான் நீ போன் செய்து, "நல்லா இருக்கேம்மா, உனக்குக் கழுத்து எப்படி இருக்கு?" என்று கேட்டிருந்தாய். எல்லா ஞாயிற்றுக்கிழமையும் இதே இரண்டு வாக்கியம்தான். இரண்டாவதைக் கேட்டு நான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். எவ்வளவு அக்கறையான பெண் என்று.

உடனே உனக்குப் போன் செய்யத்தான் எடுத்தேன். உன் அப்பாதான் தடுத்தார். முன் அறையில் தறியை நிறுத்திவிட்டு, நான் சொன்னதை முழுவதும் கேட்டார். அவருக்கு இந்தக் கதையில் பாதிதான் தெரியும். மீதியை அன்றுதான் சொன்னேன். கேட்டுவிட்டு வெகுநேரம் ஊடை இழை ஓட்டுகிற நாடாவைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருந்தார். "போன்ல பேசாத. அவ உன் கொரல் எப்படி இருக்குன்னு பாத்து அதுக்கு ஏத்த மாதிரி பேசுவா. எழுது. எழுத்துல உன் தோள் எங்க இருக்குன்னு அவளுக்குத் தெரியாது" என்றார். அதனால் எழுதுகிறேன். பத்து வருஷம் தாமதமாக எழுதுகிறேன் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எங்கிருந்து தொடங்குவது? ஊசியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் முதல் பொய் அங்கேதான் இருக்கிறது. நீ வயிற்றில் இருக்கும்போது நான் பி.எஸ்சி. கணிதம் கடைசி செமஸ்டர். உன்னையும் சுமந்துகொண்டுதான் பரீட்சை எழுதினேன். அதற்குப் பிறகு பதினைந்தாவது நாள் நீ பிறந்தாய், ஆபரேஷனில். அதற்கு முதுகில் ஊசி போட்டார்கள். நம் தெருவில் ஆபரேஷன் செய்துகொண்ட எந்தப் பெண்ணைக் கேட்டாலும், இடுப்பு வலியோ முதுகு வலியோ கால் வலியோ, எல்லாவற்றுக்கும் அந்த ஊசியைத்தான் காட்டுவாள். நானும் காட்டினேன். உனக்கு மூன்று வயதாகும்போது எனக்குக் கழுத்தும் வலது தோளும் பிடித்துக்கொண்டன. பின்மண்டை வரை இழுக்கும். தலையைத் திருப்பி உன்னைப் பார்க்க வேண்டுமென்றால் முழு உடம்பையும் திருப்புவேன். யார் விசாரித்தாலும், "இவ பொறந்ததுலேர்ந்துதான்" என்பேன். நீ என் புடவையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நிற்பாய். உன் தலையைத் தடவிக்கொண்டேதான் அதைச் சொல்வேன். ஊசி போட்டது இடுப்புக்குப் பக்கத்தில், வலி கழுத்தில். நடுவில் மூன்று வருஷம். கணக்குப் படித்தவளுக்கு இது இடிக்கவில்லையா என்று கேட்டால், இடித்தது. ஆனால் அந்தக் காரணம் எல்லோருக்கும் உடனே புரிந்தது. "ஐயோ பாவம்" என்றார்கள். உண்மையான காரணம் எனக்கே தெரியாதபோது, புரிகிற ஒரு காரணம் வசதியாக இருந்தது. அது உன் காதில் என்னவாக விழுகிறது என்று நான் ஒருநாளும் யோசிக்கவில்லை.

என் வேலையும் உனக்குத் தெரியும். சேலைக்கு பார்டரும் முந்தானையும் கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக வரைந்து கொடுப்பது. ஒரு கட்டம் என்றால் ஒரு இழை. சிவப்பு நிரப்பிய கட்டம் வந்தால் தறியில் அந்த இழை மேலே எழும், வெள்ளையாக விட்டால் எழாது. ஒரு அன்னப்பட்சியின் கழுத்துக்கு நாள் முழுக்க மவுஸைத் தட்டிக்கொண்டு, மூக்கைத் திரையில் ஒட்டிவைத்துக்கொண்டு, தோளைக் காதுவரை தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். நீ பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, நான் வேண்டாமென்று போட்ட கிராஃப் தாள்களில் சிவப்பு பென்சிலால் கட்டம் நிரப்புவாய். மற்ற பிள்ளைகள் வீடும் சூரியனும் வரைகிற வயதில் நீ யானை பார்டர் போட்டாய். நம் வீட்டில் தாளில் எது இருக்கிறதோ அதுதான் சேலையில் வரும். ஒரு கட்டம் தப்பினால் சேலை முழுக்க அந்தத் தப்பு வரும். யாராவது குறை சொன்னால் அப்பா தறியைப் பார்க்க மாட்டார், நேராக என்னிடம் வந்து, "உன் தாளப் பாரு" என்பார். இதையெல்லாம் நீ பேச்சு வருவதற்கு முன்பே கற்றுக்கொண்டாய் என்று நினைக்கிறேன். பிறகு நடந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

உனக்கு ஒன்பது வயதாகும்போது வலி எனக்கு அன்றாடமாகிவிட்டது. தைலம், ஒத்தடம், கழுத்துப்பட்டை, மாத்திரை. ஸ்கேனில் எல்லாம் சரியாக இருந்தது. ஒன்றுமில்லை என்று சொன்ன டாக்டர் மேல் எனக்கு வந்த கோபத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து உன் மேல் இறக்கினேன். நீ ஷூ சாக்ஸைக் கூடத்தில் கழற்றிப் போட்டதுதான் காரணம். கடைசியில் வேலூரில் ஒரு மருத்துவமனையில் பயோஃபீட்பேக் என்று ஒன்று செய்கிறார்கள், வாரம் ஒருநாள் போய்ப் பாருங்கள் என்று எழுதிக் கொடுத்தார்கள். அத்தை வந்திருந்தாள் அன்றைக்கு. உன் அப்பாவின் அக்கா பேசினால் எப்படி இருக்கும் என்று உனக்குச் சொல்ல வேண்டுமா? "இன்னாடி இது, தோள மெஷின்ல மாட்டினா சுருக்கம் போயிடுமா? இஸ்திரிப் பொட்டியா அது?" என்றாள். அப்பா, "போயிட்டு வரட்டும்க்கா. அப்படியே உன் நாக்கையும் அனுப்புறேன், சூடு தாங்குதான்னு பாப்போம்" என்றார். சனிக்கிழமை உனக்குப் பள்ளிக்கூடம் இல்லை. உன்னை விட்டுவிட்டுப் போக எனக்கு மனசு இல்லை. விட்டுவிட்டுப் போனால் நீ தறிக்குள் கையை விடுவாய், மொட்டை மாடிக்கு ஏறுவாய், யாரோ கூப்பிட்டால் போய்விடுவாய். இப்படி ஏதாவது ஒன்று எப்போதும் என் தலையில் ஓடிக்கொண்டே இருக்கும். அதனால் கூட்டிக்கொண்டு போனேன்.

அந்த அறை உனக்கு ஞாபகம் இருக்கும். ரெஹானா மேடம், நெற்றியில் கண்ணாடியை ஏற்றி வைத்துக்கொண்டு அதைத் தேடுவார்களே, அவர்கள். என் இரண்டு தோளிலும் சின்ன வட்டமாக ஒட்டினார்கள், வயிற்றைச் சுற்றி ஒரு பெல்ட், விரல் நுனியில் ஒரு கிளிப். நான் பயந்துபோய், "ஷாக் அடிக்குமா மேடம்?" என்றேன். "இல்லீங்க. இதுலேர்ந்து உங்க உள்ள ஒண்ணும் போவாது. உங்க உடம்பு இன்னா பண்ணிகினு இருக்குதோ அத உங்களுக்கே காட்டும், அவ்ளோதான். மொகம் பாக்குற கண்ணாடி மாதிரி" என்றார்கள். திரையில் ஒரு பச்சைக் கோடு ஓடியது. தோள் இறுகினால் கோடு ஏறும், கூடவே ஒரு மெல்லிய சத்தமும் ஏறும். தளர்ந்தால் இரண்டும் இறங்கும். நான் சும்மா உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன். கோடு நடுத்திரைக்கு மேலே இருந்தது. "பாருங்க, சும்மா உக்காந்திருக்கிறப்பவே ரெண்டு குடம் தண்ணி தூக்கிகினு இருக்கீங்க" என்றார்கள். மூச்சை வயிறு வரைக்கும் இழுத்து, விடும்போது மெதுவாக, இழுத்ததைவிட அதிக நேரம் எடுத்து விடச் சொன்னார்கள். இறக்க வேண்டுமென்று முயற்சி செய்தால் ஏறும், விட்டுவிட்டால் இறங்கும் என்றார்கள். நான் விட்டேன், கொஞ்சம். கோடும் கொஞ்சம் இறங்கியது.

அப்போது நீ ஸ்டூலிலிருந்து, "அம்மா, இது எந்தச் சேலைக்கு?" என்று கேட்டாய்.

கோடு செங்குத்தாக ஏறியது. சத்தம் கீச்சென்றது. ரெஹானா மேடம் சிரித்துவிட்டார்கள். "பொண்ணு கூப்பிட்ட ஒடனே பாருங்க, தோள் எழுந்து நின்னு வணக்கம் சொல்லுது" என்றார்கள். நானும் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, கோடு இறங்கியபோது, சின்னக் குரலில் "அம்மா" என்றாய், வேறெதற்கும் இல்லை, பார்ப்பதற்கு. ஏறியது. நீ திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாய். பிறகு எதுவும் பேசவில்லை. நாள் முழுவதும் தறி அடிக்கிற சத்தத்துக்கு அசையாத என் தோள், உன் குரலுக்கு அசைந்தது. நம் வீட்டுப் பிள்ளைக்கு அது எப்படித் தோன்றியிருக்கும்? தாளில் சிவப்பு வந்தால் இழை தூக்கும். அந்தச் சிவப்பு நீதான் என்று முடிவு செய்துவிட்டாய். வீட்டில் வரைபடம்தான் முதலில், சேலை அதற்குப் பிறகு. அந்தக் கோடு அப்படி இல்லை என்று, அது நடந்து முடிந்ததைக் காட்டுகிறதே தவிர எதையும் நடத்துவதில்லை என்று, யாராவது உனக்குச் சொல்லியிருக்க வேண்டும். அந்த யாராவது நான்தான்.

மூன்றாவது சனிக்கிழமை கோடு அதுவரை இல்லாத அளவுக்கு இறங்கியது. "சூப்பருங்க!" என்றார்கள் மேடம். கழுத்தில் ஒரு லேசு. ஐந்தாறு வருஷமாக மறந்தே போயிருந்த லேசு. தலையைத் திருப்பினால் திரும்பியது. அப்படித் திரும்பியபோதுதான் உன்னைப் பார்த்தேன். ஸ்டூலில் முதுகை நேராக வைத்து, இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். மூச்சைக்கூட அளந்து விட்டுக்கொண்டிருந்தாய். எனக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது, பாப்பா. தெரியாமல் செய்தேன் என்று இந்தக் கடிதத்தில் எழுத முடியாது. தெரிந்தது. நான் முகத்தைத் திரைப் பக்கம் திருப்பிக்கொண்டேன். ஏனென்றால் கோடு கீழே இருந்தது, வலி இல்லை, இன்னும் ஒரு நிமிஷம் அப்படியே இருக்கட்டும் என்று தோன்றியது.

நாலாவது சனிக்கிழமைதான் இந்தக் கடிதத்துக்குக் காரணம். அன்று ரெஹானா மேடமே, "பொண்ணு எதுக்கு இப்படி வெறைச்சிகினு உக்காரணும்? கண்ணு, வெளிய மீன்தொட்டி இருக்குது, சிஸ்டர் கூட போய்ப் பாரு" என்று உன்னை அனுப்பினார்கள். கதவு மூடிக்கொண்டது. இனி அமைதிதானே, கோடு தரையில் கிடக்கும் என்று நான் எதிர்பார்த்தேன். கோடு ஏறியது. முதல் நாள் நீ கூப்பிட்டபோது ஏறியதைவிட அதிகமாக ஏறியது. ஏறி, இறங்கவே இல்லை. நான் மூச்சை இழுத்து இழுத்து விட்டேன், ஒன்றும் ஆகவில்லை. "இப்போ இன்னா நெனைக்கிறீங்க?" என்று கேட்டார்கள். லிப்ட் என்றேன். அந்த நடைபாதையின் கடைசியில் லிப்ட் இருந்தது, நீ அதற்குள் போய்விட்டால்? "அன்னிக்கு பொண்ணு அம்மான்னு கூப்பிட்டப்போ இன்னா நெனச்சீங்க?" என்ன ஆச்சோ என்று நினைத்தேன் என்றேன். மேடம் கண்ணாடியை நெற்றியிலிருந்து கீழே இறக்கினார்கள். அவர்கள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், இது நீ கேட்க வேண்டியிருந்தது:

"அவ பேசினாலும் ஏறுது, மொத நாள் அவ பேசறதுக்கு முன்னாடியே மேலதான் இருந்துது, ரூமுலயே இல்லன்னா இன்னும் ஏறுது. அப்போ அவ காரணம் இல்லீங்க. ஏதோ ஒண்ணு விழப்போவுது, புடிக்கணும், புடிக்கணும்னு நீங்க எப்பவும் கைய நீட்டிகினே நிக்கிறீங்க. அந்த பயம்தான் தூக்குது. பொண்ணு வர்றதுக்கு முன்னாடியே இருந்திருக்கும். இத அவகிட்ட சொல்லிடுங்க. பசங்க பாத்துகினேதான் இருக்கும்."

"சொல்றேன் மேடம்" என்றேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் சொல்லலாம் என்று இருந்தேன். கண்ணமங்கலம் வருவதற்குள் நீ என் கையில் சாய்ந்து தூங்கிவிட்டாய். வீட்டுக்குப் போய்ச் சொல்லலாம் என்று விட்டேன். வீட்டில் அத்தை வந்திருந்தாள். அடுத்த நாள் ஒரு முந்தானை அவசரம். அப்புறம் சொல்ல வேண்டிய அவசியம் குறைந்துகொண்டே வந்தது, ஏனென்றால் வீடு அமைதியாகிவிட்டது. நீ கதவை மூடினால் சத்தம் வராது. தட்டை வைத்தால் சத்தம் வராது. பள்ளிக்கூடத்தில் நடந்ததைச் சொல்வதை நிறுத்தினாய். உனக்குக் காய்ச்சல் என்று உன் டீச்சர் போன் செய்துதான் எனக்குத் தெரிந்தது. அப்பாவுக்குக்கூட ஏதோ பட்டது. "இன்னாடி பாப்பா இப்படி ஆயிட்டா? தறிய நிறுத்தினாக்கூட ஒரு சத்தம் வரும், இவகிட்ட அதுவும் இல்ல" என்றார் ஒருநாள். "வளர்ந்துட்டா" என்றேன். அத்தையும், "பொண்ணுன்னா இப்படி அடக்கமா இருக்கணும்" என்று தெருவெல்லாம் சொன்னாள். என் கழுத்து தேறிக்கொண்டு வந்தது. மூச்சுப் பயிற்சியால் தேறியது, அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நடந்ததால் தேறியது, திரையை உயர்த்தி வைத்ததால் தேறியது, எல்லாம் உண்மை. உன் அமைதியாலும் தேறியதா என்று கேட்டால், எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டாம் என்று இருந்தேன். உன்னைப் பேச வைத்தால் அந்த லேசு போய்விடுமோ என்று பயந்தேன். இதைவிட நல்ல வார்த்தையில் இதை எழுதத் தெரியவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. எட்டு சனிக்கிழமையும் முடிந்து சில நாள் கழித்து, பழைய தாள்களை அடுக்கும்போது உன் கிராஃப் நோட்டு கிடைத்தது. ஒரு பக்கத்தில் வரிசையாகத் தேதி. ஒவ்வொரு தேதிக்கும் மேலே சிவப்புக் கட்டங்கள், சில நாள் இரண்டு, சில நாள் பத்து. கீழே பென்சிலில் குட்டி எழுத்தில் காரணம். "ஸ்கேல் கேட்டேன்." "பால் கொட்டினேன்." "சிரிச்சேன்." ஒரு நாளைக்கு "இருமினேன்" என்று இருந்தது. மெஷின் சனிக்கிழமைதான், மற்ற நாளுக்கு நீ என் தோளைப் பார்த்தே போட்டிருக்கிறாய். நான் அந்த நோட்டை எடுத்துப் பீரோவில் புடவைக்கு அடியில் வைத்துப் பூட்டினேன். இரண்டு நாள் நீ அதைத் தேடினாய். கட்டிலுக்கு அடியில், என் மேசைக்குப் பின்னால், தறிப் பள்ளத்துக்குள் எல்லாம் தேடினாய். என்னிடம் மட்டும் கேட்கவில்லை. கேட்டால் ஒரு சிவப்புக் கட்டம். நீ தேடுவதைப் பார்த்துக்கொண்டே நான் அன்னப்பட்சிக்குக் கண் வைத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது உனக்குத் தாடை. எனக்குத் தோள் என்றால் உனக்குத் தாடை. சொல்லாத பேச்செல்லாம் அங்கேதான் நிற்கிறது என்று எழுத ஆசையாக இருக்கிறது, ஆனால் அப்படி அழகாக எழுதி உன் வலிக்கும் நானே ஒரு காரணம் கண்டுபிடித்துவிடக் கூடாது. ஒருமுறை ஊசியைக் காட்டினவள் நான். வேறு ஏதாவது காரணம் இருக்கலாம், பல்லாக இருக்கலாம், கண்ணாக இருக்கலாம். முதலில் டாக்டரிடம் காட்டு. தீபிகா கொடுக்கிற மாத்திரையைப் போட்டுக்கொண்டு இருட்டில் படுக்காதே. இந்த வலியோடு பரீட்சை எழுதவில்லை என்று உன் துறையில் சொல், வெட்கப்பட ஒன்றுமில்லை. அதுவரைக்கும் எனக்கு உதவியதைச் சொல்கிறேன். இதைப் படிக்கும்போதே உன் மேல் பல்லும் கீழ்ப் பல்லும் ஒட்டியிருக்கிறதா என்று பார். ஒட்டியிருக்கும். திட்டாதே, சும்மா பார்த்துவிட்டு, உதடு மூடியிருக்க, பல்லை மட்டும் கொஞ்சம் விடு. மூச்சை மெதுவாக வெளியே விடு. ஒரு நாளைக்கு நூறு தடவை மறப்பாய், ஞாபகம் வருகிறபோது மறுபடி பார். வலி ஒரேயடியாகப் போய்விடும் என்று யாராவது சொன்னால் நம்பாதே, எனக்குப் போகவில்லை. இன்றைக்கும் அவசரமான டிசைன் வந்தால் பிடித்துக்கொள்கிறது. ஏறுகிறது என்று இப்போதெல்லாம் முன்னமேயே தெரிகிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

ரெஹானா மேடம் கடைசி நாளில் ஒன்று சொன்னார்கள். "இறக்கத்தான் கத்துக் குடுத்தேன், மரத்துப் போவ இல்ல. ரெண்டும் ஸ்கிரீன்ல ஒரே மாதிரிதான் தெரியும், ஜாக்கிரத." நான் தலையாட்டிவிட்டு வந்தேன். இந்த வாரம்தான் அதன் அர்த்தத்தைப் பார்க்கிறேன். தீபிகா போனதிலிருந்து எனக்குள் எதுவும் அசையவில்லை. சாப்பிடுகிறேன், வரைகிறேன், அத்தை கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். அந்தத் திரைக்கு முன்னால் உட்கார வைத்தால் என் கோடு இன்று தரையில் கிடக்கும், மேடம் சூப்பர் என்பார்கள். உன்னுடைய ஞாயிற்றுக்கிழமைக் குரலும் இப்படித்தான் இருக்கிறது என்று இதை எழுதும்போது தோன்றுகிறது. சமமாக, ஏற்ற இறக்கம் இல்லாமல். நான் அதை நிம்மதி என்று எடுத்துக்கொண்டேன்.

சென்னையில் இந்த மெஷின் இருக்கிற இடத்தை விசாரித்துக்கொண்டிருக்கிறேன். டாக்டர் சரியென்றால் போகலாம். நீ நாற்காலியில் உட்கார், ஸ்டூலில் நான் உட்காருகிறேன். ஹாஸ்டல் வாட்ச்மேன் மறுபடியும் என்னை உன் அக்கா என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும். நான் நடுவில் பேசுவேன், உன் கோடு ஏறினால் ஏறட்டும், நான் வாயைப் பொத்திக்கொள்ள மாட்டேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போது "நல்லா இருக்கேம்மா" என்று தொடங்காதே. எங்கே வலிக்கிறது என்று தொடங்கு. கோபம் இருந்தால் கோபத்திலிருந்து தொடங்கு. நீ சொல்லச் சொல்ல என் தோள் ஏறும், அது எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும். ஏறினதை இறக்குவது என் வேலை. எட்டு வாரம் பஸ் ஏறிப் போய்க் கற்றுக்கொண்டது அதற்குத்தான்.

உன் நோட்டை இதோடு வைத்து அனுப்புகிறேன். பத்து வருஷத்தில் தாள் கொஞ்சம் பழுத்திருக்கிறது, சிவப்பு அப்படியே இருக்கிறது. எல்லாத் தேதியையும் நிரப்பியிருக்கிறாய், அந்த நாலாவது சனிக்கிழமையை மட்டும் காலியாக விட்டிருக்கிறாய். பார்க்காததை நீ போட மாட்டாய். நான் பார்த்தேன். அதனால் இன்று உட்கார்ந்து, உன் பழைய பென்சில் கிடைக்காமல் ஒரு புதுச் சிவப்பு பென்சில் வாங்கி, அந்தத் தேதிக்கு மேல் ஒவ்வொரு கட்டமாக நிரப்பினேன். தாளின் மேல் விளிம்பு வரைக்கும் போனது. கீழே நீ காரணம் எழுதுகிற இடத்தில், உன்னைப் போலவே குட்டி எழுத்தில் எழுதியிருக்கிறேன்: "பாப்பா வெளியே இருந்தாள்."

அம்மா